மலைக்குப் போனதும் எரிந்த டயர் காற்றழுத்த விளக்கு: காரணம் குளிரா, கசிவா?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது 2021ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். அண்மையில் கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாகக் குடும்பத்துடன் ஊட்டிக்குச் சென்றோம். மறுநாள் அதிகாலையில் தொட்டபெட்டா பக்கம் கிளம்பிச் சற்றுத் தொலைவு ஓடியதும், குதிரை லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் எரியத் தொடங்கியது. எந்தச் சக்கரத்தில் காற்று குறைந்திருக்கிறது என்பதை எங்கள் கார் காட்டாது. இந்த ஒரு விளக்கு மட்டும்தான் உண்டு.

வழியில் இருந்த பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்த்தபோது மூன்று டயர்களில் 31, 32 என்று காட்டியது. இடது பின் டயரில் மட்டும் 25. கார்க் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் 33 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. பங்கில் இருந்தவர், "மலைக்குளிருக்கு இப்படித்தான் இறங்கும், பயப்பட வேண்டாம்" என்று சொல்லி நான்கிலும் 35 வைத்துக் கொடுத்தார். அப்போதும் விளக்கு அணையாததால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தார்; அணைந்துவிட்டது. ஊர் திரும்பிய மறு வாரமே மீண்டும் எரிகிறது.

மலைக்குளிரால் மட்டும் ஒரு டயரில் இவ்வளவு காற்று இறங்குமா? இந்த விளக்கு எரியும்போது தொடர்ந்து ஓட்டலாமா, அல்லது உடனே நிறுத்திவிட வேண்டுமா? எங்கள் காரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும்தான் கொடுத்திருக்கிறார்கள். வயதான அம்மாவை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் நடுவழியில் நிற்க நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலையால்தான் இவ்வளவு விரிவாகக் கேட்கிறேன்.

பதில்: சக்கரச்சுழல்

வணக்கம் நண்பரே. நான் வாகன மின்னணுத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. குளிர் என்பது நான்கு சக்கரங்களுக்கும் பொது. அது காற்றை இறக்கினால் நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறக்கும். மூன்று டயர்களில் 31, 32 இருக்கையில் ஒன்றில் மட்டும் 25 இருந்தால் அந்த ஒன்றில் கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். மறு வாரம் சமவெளியிலும் விளக்கு எரிந்தது அதை உறுதிப்படுத்துகிறது.

மலைக்குளிரின் பங்கு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோவையில் 30 டிகிரி வெப்பத்தில் 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர், ஊட்டியில் 5 டிகிரி இருக்கும் காலையில், வெப்பநிலை குறைந்ததால் மட்டும் ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ. இழக்கும். பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் காற்று மானி காட்டுவது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தை அன்று; வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் அது காட்டுகிறது. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ.; கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது 11 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். ஆகவே உயரத்தால் மானியில் 3 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறும், குளிரால் 4 இறங்கும். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு பி.எஸ்.ஐ. இழப்புதான். உங்கள் மற்ற மூன்று டயர்களும் 31, 32 காட்டியது இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

இனி விளக்கின் இயக்கத்துக்கு வருவோம். இந்த எச்சரிக்கை அமைப்பில் இரண்டு வகை உண்டு. நேரடி வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு சேர்ந்து பேட்டரியில் இயங்கும் ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலை மூலம் காருக்கு அனுப்பும். இத்தகைய கார்கள் பெரும்பாலும் ஒவ்வொரு டயரின் அளவையும் எண்ணாகவே காட்டிவிடும். மறைமுக வகையில் டயருக்குள் எதுவும் இருக்காது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் வேக சென்சார்களையே அது பயன்படுத்திக்கொள்கிறது. காற்று குறைந்த டயர் சற்று அமுங்குவதால் அதன் உருளும் ஆரம் மிகச் சிறிதளவு குறையும். அதே தொலைவைக் கடக்க அந்தச் சக்கரம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும். அந்த வேறுபாட்டைக் கணினி கண்டுபிடித்து விளக்கை எரிய வைக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் எப்படியும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் என்பதால், மலைச்சாலையில் இதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். எண் காட்டாமல் விளக்கு மட்டும் இருப்பதையும், அழுத்திப் பிடிக்கும் பொத்தான் இருப்பதையும் பார்த்தால் உங்கள் கார் இந்த மறைமுக வகையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பொத்தானைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அது விளக்கை அணைக்கும் சுவிட்ச் இல்லை. "இப்போது டயர்களில் இருக்கும் காற்றே சரியான அளவு, இனி இதிலிருந்து மாறினால் சொல்" என்று காரின் கணினிக்குக் கொடுக்கும் கட்டளை அது. காற்றை மானியில் பார்த்து, தாளில் உள்ள அளவுக்கு வைத்த பிறகு அழுத்தினால் பயன் உண்டு. குறைந்த காற்றோடு அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே கார் சரியென்று கற்றுக்கொள்ளும். பிறகு டயர் ஆபத்தான நிலைக்கு இறங்கும் வரை விளக்கு எரியாமலே இருக்கலாம். வாடகைக் கார்களையும் பழைய கார்களையும் வாங்கி ஓட்டுபவர்கள் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம். பழைய தலைமுறை மறைமுக அமைப்புகளுக்கு இன்னொரு குறையும் உண்டு: நான்கு டயர்களிலும் ஒரே சீராகக் காற்று இறங்கினால் ஒப்பிட வேறு சக்கரம் இல்லாததால் அவற்றுக்கு அது தெரியாது. புதியவை சக்கர அதிர்வையும் சேர்த்து ஆராய்வதால் ஓரளவு தேறியிருக்கின்றன.

விளக்கு எரியவில்லை என்பதாலேயே காற்று சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை கழன்று தொடர்ச்சியாக விபத்துகள் நடந்து, சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதையொட்டி வந்த சட்டத்தால்தான் இந்த விளக்கு அங்கே கட்டாயமானது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கு விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்ட எல்லாப் புதிய கார்களிலும் உண்டு. அந்த விதி கேட்பது, பரிந்துரைத்த அளவைவிட 25 விழுக்காடு குறைந்தால் 20 நிமிடங்களுக்குள் எச்சரிக்க வேண்டும் என்பதுதான். 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கிய ஐரோப்பிய விதியில் அது 20 விழுக்காடு. உங்கள் 33க்கு 25 விழுக்காடு குறைவு என்றால் 24.75, அதாவது 27 பி.எஸ்.ஐ.யில் ஓடும் டயருக்கு எந்த எச்சரிக்கையும் வராமலே போகலாம். 27 என்பது நெடுஞ்சாலைக்குப் போதாத காற்று. எனவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு காற்று மானியை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். தாளில் உள்ள 33 குளிர்ந்த டயருக்கான அளவு. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறும் பயணத்துக்கு அதே தாளில் பின் டயர்களுக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். விளக்கு எரிந்ததும் பதறி நடுச்சாலையில் நிறுத்த வேண்டாம். வேகத்தைக் குறைத்து, சட்டென்று பிரேக் பிடிக்காமல், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனித்தபடி பாதுகாப்பான அகலமான இடத்தில் ஓரம் கட்டி, இறங்கி நான்கு டயர்களையும் பாருங்கள். கண்ணுக்கே அமுங்கியது தெரிந்தால் அரை கிலோமீட்டர் கூட ஓட்ட வேண்டாம். பக்கச்சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் இடையில் நசுங்கி, ஒட்டிப் பிழைத்திருக்க வேண்டிய டயர் குப்பைக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத குறைவு என்றால் உங்கள் கம்ப்ரஸரால் காற்று அடித்துக்கொண்டு, அடுத்த பஞ்சர் கடைக்கு மெதுவாகப் போகலாம். உங்கள் காரில் ஸ்டெப்னி இல்லாததற்கும் இந்த விளக்குக்கும் தொடர்பு உண்டு: 2020ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே காரை விற்கலாம். அப்படிப்பட்ட காரில் இந்த விளக்கை அலட்சியப்படுத்த வழியே இல்லை.

பதில்: பல்லடம் டயர் கடை

ஐயா, மேலே எழுதியவர் சொன்னது சரி. கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். இடது பின் டயரில் முதலில் வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் சோப்பு நுரையை ஒரு சொட்டு வையுங்கள். நுரை மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் வால்வு ஊசிதான் காரணம். கொஞ்சம் இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். வால்வின் அடிப்பகுதியை லேசாக வளைத்துப் பார்த்து ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு டயர் ரிம்மோடு ஒட்டும் விளிம்பைச் சுற்றி நுரை தடவ வேண்டும். அலாய் வீல் பள்ளத்தில் இடித்து விளிம்பு சிறிது வளைந்திருந்தாலும், உள்பக்கம் அரிப்பு ஏறியிருந்தாலும் அங்கிருந்து வாரத்துக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. போய்க்கொண்டே இருக்கும், டயரில் ஆணியைத் தேடித் தேடி வாடிக்கையாளர்கள் அலுத்துப் போவார்கள். இவை எதுவும் இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்போம். டயரின் பள்ளத்துக்குள் அறுந்த கம்பித் துண்டு ஒன்று ஒளிந்திருப்பதும், நிமிடத்துக்கு ஒரு குமிழி மட்டும் வருவதும் நான் அடிக்கடி காண்பது.

ஓட்டை டயரின் நடுப்பகுதியில் இருந்தால் மட்டும் பஞ்சர் போடலாம். வெளியிலிருந்து ஸ்ட்ரிப் சொருகுவது ஊர் போய்ச் சேரப் போதுமானது. நிரந்தரமாக வேண்டுமென்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ பேட்ச் ஒட்டச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால், யார் என்ன சொன்னாலும், டயரை மாற்றிவிடுங்கள். உள்ளே குடும்பம் உட்கார்ந்து வருகிறது.

டயருக்குள் சென்சார் உள்ள கார் வைத்திருப்பவர்கள், கடைக்காரரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். டயரை ரிம்மிலிருந்து விடுவிக்கும் இயந்திரத்தின் தகடு வால்வுக்கு நேராக இறங்கினால் சென்சார் உடைந்துவிடும். வால்வை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. கிட்டில் வரும் பசைத் திரவத்தை ஊற்றினாலும் சென்சாரின் துளை அடைபடலாம். பித்தளை வால்வு மூடி அழகாக இருக்கிறது என்று வாங்கிப் போடாதீர்கள். சென்சார் வால்வு அலுமினியம் என்பதால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொண்டு, திருகும்போது வால்வே முறிந்து வரும். பிளாஸ்டிக் மூடி போதும்.

நொய்யல்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை சோப்பு நுரை வைத்துப் பார்த்ததில் வால்விலும் விளிம்பிலும் எதுவும் இல்லை. கடையில் தண்ணீரில் முக்கியபோது டயரின் நடுப்பள்ளத்தில் ஒரு சிறு ஆணி அகப்பட்டது, உள்ளிருந்து பேட்ச் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். எங்கள் மைத்துனரின் காரில் விளக்கு வேறு மாதிரி நடந்துகொள்கிறது: ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கி, பிறகு நிலையாக எரிகிறது. அவருடையது எட்டு ஆண்டுகள் ஓடிய கார். ஒவ்வொரு டயரின் அளவையும் எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது ஒரு டயருக்கு மட்டும் கோடு போட்டுக் காட்டுகிறது. மே மாதத்தில் அவர் சேலம் வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும்போது வெயிலுக்கு டயர் வெடித்துவிடும் என்று எல்லாவற்றிலும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைத்து வைப்பார். நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலையே இல்லை என்றும் சொல்கிறார். இவை சரிதானா?

பதில்: ஸ்கார்பரோவாசி

டொராண்டோ பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே அந்த மினுக்கும் விளக்கை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கலாம். பலரும் குளிர்காலத்துக்கென்று தனி ரிம்மில் தனி டயர்கள் வைத்திருப்பார்கள்; அந்த இரண்டாவது ரிம்களில் சென்சார் பொருத்தாமல் விடுவதும் உண்டு. கார் சென்சார்களைத் தேடிக் காணாமல் மினுக்கிவிட்டு, வசந்தம் வரை நிலையாக எரிந்துகொண்டிருக்கும். கனடாவில் இந்த அமைப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்பதால் அப்படி ஓட்டுவது தடையில்லை. ஆனால் மாதக்கணக்கில் எரியும் விளக்குக்குக் கண் பழகிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சூடேற்றிய கராஜுக்குள் 20 டிகிரியில் 33 வைத்துவிட்டு, வெளியே சைபருக்குக் கீழே 15 டிகிரியில் இறங்கினால் ஐந்து பி.எஸ்.ஐ.க்கு மேல் போய்விடும் என்பதையும் இந்த நாட்டுத் தமிழர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். டயர்கள் இயல்பாகவே மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்கு இழக்கும், கோடையில் கடைசியாகக் காற்றுப் பார்த்தவர்களுக்கு முதல் கடுங்குளிர்க் காலையில் விளக்கு எரிவது அதனால்தான்.

பதில்: சக்கரச்சுழல்

மைத்துனரின் கேள்விகளில் வெயிலைப் பற்றியதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. கோடையில் காற்றைக் குறைப்பது முற்றிலும் தவறு. டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்று கூடியதால் நடப்பதில்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, ரப்பரும் உள்ளிருக்கும் இழைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, கடைசியில் கிழிகிறது. மே மாதத்தில், கொதிக்கும் தார்ச்சாலையில், நான்கு பேரை ஏற்றி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவர் செய்வது அந்த வெப்பத்தை இன்னும் கூட்டுவதாகும். ஓடிச் சூடான டயரில் 37, 38 காட்டுவது இயல்பானது. அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் குளிர்ந்த நிலைக்கு 33 என்று நிர்ணயித்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது காற்றைத் திறந்துவிட்டு 33க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலை அது 29 அளவில் நிற்கும். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் 44 அல்லது 51 என்ற எண், அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்தும் காற்று வைக்கக் கூடாது.

நைட்ரஜனால் பெரிய தீங்கும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பத்தால் அழுத்தம் ஏறுவதும் குளிரால் இறங்குவதும் இரண்டுக்கும் ஒன்றே. ஈரம் இல்லாததாலும் சற்று மெதுவாகக் கசிவதாலும் அளவு கொஞ்சம் நிலையாக இருக்கும், அவ்வளவுதான். நைட்ரஜன் கிடைக்கும் பங்கு வரட்டும் என்று காற்று குறைந்த டயரோடு ஓட்டிக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. சாதாரணக் காற்றைக் கலந்து அடிப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

மினுக்கிவிட்டு நிலைக்கும் விளக்கு, காற்றைப் பற்றிய எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கும் அமைப்பே பழுதாகியிருக்கிறது என்ற அறிவிப்பு. எட்டு ஆண்டுகள் ஓடிய காரில், ஒரு டயரின் எண் மட்டும் மறைந்திருந்தால், அந்தச் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பேட்டரியைப் பசையால் மூடி அடைத்திருப்பதால் தனியாக மாற்ற முடியாது. முழுச் சென்சாரையும் மாற்ற வேண்டும். மற்ற மூன்றும் அதே வயதுடையவை என்பதால், டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொன்றுக்கும் டயரைக் கழற்றி மாட்டிப் பேலன்சிங் செய்யும் கூலி மிஞ்சும். அதுவரை அந்தச் சக்கரத்தை அவர் கையால் அளந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய சென்சாரின் அடையாள எண்ணைக் காரின் கணினியில் பதிவு செய்தால்தான் அது வேலை செய்யும். பதிவு செய்த பிறகு சிறிது தூரம் ஓட்டி, நான்கு எண்களும் திரையில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.